திருகோணமலை எண்ணெய்க் குதங்கள்: காக்கப்பட வேண்டிய வரலாற்றுச் சின்னம்

வரலாற்றைக் கல்லிற் பொறித்து வைத்த இனம் தமிழினம். ஒரு வேலி நிலம் திருக்கோயிலுக்கு எழுதிவைக்கப்பட்ட செய்தியும், நந்தாவிளக்கு ஒன்று எரிவதற்கு நெய் அளிக்கவென ஆடுகள் விடப்பட்ட செய்தியும் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் கோயிற் சுவர்களில் நின்று பேசுகின்றன. ஒரு விளக்கின் நெய்க்குக் கணக்கு எழுதி வைத்த மக்கள், ஒரு பேரரசின் போர்க்கப்பல்களையே ஓடச்செய்த எண்ணெயின் வரலாற்றைப் பெரும்பாலும் மறந்துவிட்டனர். அவ்வரலாறு கல்லில் எழுதப்படவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில், கோணேசப் பெருமான் கோயில் கொண்டிருக்கும் திருகோணமலையில், காடு மூடிய இரும்புத் தாங்கிகளில் அது எழுதப்பட்டுள்ளது.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழும் தமிழர்க்குத் திருகோணமலை அந்நியமான ஊரன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலங்கையிலிருந்து மலாயாவுக்கு வந்து, ரயில்வே நிலையங்களிலும் நில அளவை அலுவலகங்களிலும் அரசாங்கக் கருவூலங்களிலும் பணிபுரிந்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வாழ்கின்றனர். ஸ்காட் சாலையில் விளங்கும் கந்தசுவாமி கோயில் அவர்தம் முன்னோர் எழுப்பிய திருக்கோயிலாகும். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிப் போற்றிய ஈழத்துத் தலங்கள் இரண்டு. ஒன்று திருக்கேதீச்சரம், மற்றொன்று திருக்கோணமலை. அத்தலத்தின் அருகே உள்ள எண்ணெய்க் குதங்களின் வரலாறு, மலாயாவின் போர்க்கால வரலாற்றோடும் பின்னிப் பிணைந்தது.

நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு

19ஆம் நூற்றாண்டின் போர்க்கப்பல்கள் நிலக்கரியால் ஓடின. எண்ணெயோ அதே எடையில் மிகுதியான வெப்பத்தைத் தந்தது. கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிக் கொட்டும் ஆட்களும் தேவைப்படவில்லை. கப்பலின் வேகமும் கூடியது. 1911இல் கடற்படை அமைச்சராகப் பொறுப்பேற்ற வின்ஸ்டன் சர்ச்சிலின் காலத்தில், பிரிட்டனின் பெரும் போர்க்கப்பல்கள் எண்ணெயால் ஓடும் வகையில் கட்டப்படலாயின. ஆனால், பிரிட்டனின் நிலத்தடியில் நிலக்கரி நிறைய இருந்ததேயன்றிப் போதிய எண்ணெய் இல்லை. அதனால் 1914இல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஆங்கிலோ பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை விலைகொடுத்து வாங்கிற்று.

எண்ணெய் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? கப்பல் செல்லும் வழியெங்கும் அதனைச் சேமித்து வைக்க இடம் வேண்டுமன்றோ? முதல் உலகப் போர் முடிந்தபின் ஜப்பானின் கடல் வலிமை பெருகுவதைக் கண்ட பிரிட்டன், 1921இல் சிங்கப்பூரில் பெரியதொரு கடற்படைத் தளம் அமைக்கத் தீர்மானித்தது. போர் மூளுமாயின் ஐரோப்பாவிலிருந்து கப்பற்படை கிழக்கு நோக்கி விரையும். அது சூயஸ் கால்வாயைக் கடந்து சிங்கப்பூரை அடையும்வரை இடையிடையே எண்ணெய் நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்த நெடுவழியின் நடுவே, உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது திருகோணமலை.

இவ்வாறு இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் திருகோணமலைத் துறைமுகத்தின் சீனன்குடாப் பகுதியில் 101 இரும்புத் தாங்கிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 டன் எண்ணெய் கொள்ளக்கூடியது. கரையை ஒட்டிக் கீழ்த் தொகுதியும், உள்ளே தள்ளி மேல் தொகுதியுமாக, 800 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் அவை பரந்து கிடக்கின்றன. இலங்கைத் தமிழர் இவற்றை எண்ணெய்க் குதங்கள் என்றே வழங்குவர். சிங்கப்பூர்த் தளம் 1938 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. திருகோணமலையும் சிங்கப்பூரும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள் எனலாம்.

சங்கிலி அறுந்தது

அச்சங்கிலியின் கிழக்குக் கண்ணி எத்துணை விரைவில் அறுந்தது என்பதை மலாயா மக்கள் நேரிற் கண்டனர். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. இரண்டே நாள்களில், டிசம்பர் 10ஆம் நாள், 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தான் கரைக்கு அப்பால் விமானத் தாக்குதலில் மூழ்கின. 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பின்வாங்கிச் சென்ற பிரிட்டிஷ் படை, எதிரியின் கைக்குப் போகாதிருக்கும்பொருட்டுத் தன் சேமிப்புகளைத் தானே அழித்துச் செல்லும் கொள்கையைக் கைக்கொண்டது. பிப்ரவரியில் சிங்கப்பூரின் எண்ணெய்க் கிடங்குகள் பற்றியெரிந்து, நகரின் வானம் கரும்புகையால் மூடிற்று. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. கோடிக்கணக்கான பொருட்செலவில் அமைந்த தளம், தான் காத்திருந்த பெரும் கப்பற்படையைக் காணாமலேயே எதிரியிடம் சென்றது.

எஞ்சியது திருகோணமலை. பேர்ல் ஹார்பரையும் டார்வினையும் தாக்கிய ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள், அடுத்து இந்துப் பெருங்கடலுக்குள் நுழைந்தன. 1942 ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. நான்கு நாள்கள் கழித்து, ஏப்ரல் 9ஆம் நாள் காலையில், திருகோணமலையின்மீது குண்டுகள் விழுந்தன. சீனன்குடா விமானத் தளத்திலிருந்து எழுந்த ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்துப் போரிட்டன.

அன்று ஜப்பானிய விமானமொன்று 91ஆம் எண் தாங்கியின்மீது மோதி வெடித்தது. அடிபட்ட விமானத்தை அதன் ஓட்டி வேண்டுமென்றே தாங்கியின்மீது செலுத்தினார் என்பது அவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. தாங்கியிலிருந்த எண்ணெய் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற 'சகாயிங்' என்னும் சரக்குக் கப்பலும் தீக்கிரையாயிற்று. தாக்குதலுக்கு முன்பே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த 'ஹெர்மீஸ்', அதே நாளில் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பெற்ற உலகின் முதற்கப்பல் அதுவாகும். அதனோடு 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குத் துணையாகச் சென்ற ஆஸ்திரேலியக் கப்பல் 'வாம்பயர்' என்பதும் தப்பவில்லை.

உருகி நெளிந்து சரிந்த 91ஆம் எண் தாங்கியின் இரும்புத் தகடுகள், 80 ஆண்டுகளுக்கு மேலாகியும் அன்று விழுந்தபடியே கிடக்கின்றன. ஆசியாவில் நடந்த பெரும் போர் ஒன்றின் ஒரு காலைப்பொழுது, எவராலும் திருத்தி எழுதப்படாமல் அங்கே உறைந்து நிற்கிறது எனின் மிகையாகாது.

மோரிப் கடற்கரை வரை

91ஆம் தாங்கி அழிந்தாலும் ஏனைய தாங்கிகள் தப்பின. போரின் போக்கையும் மலாயாவின் விடுதலையையும் எண்ணிப் பார்க்குங்கால் இஃது ஒரு சிறு செய்தியன்று. தாக்குதலுக்குப் பின் ஆப்பிரிக்கக் கரைவரை பின்வாங்கிய பிரிட்டிஷ் கீழைக் கடற்படை, 1944இல் மீண்டும் திருகோணமலையைத் தளமாகக் கொண்டு தாக்கத் தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 19ஆம் நாள், சுமத்திராவின் வடமுனைக்கு அப்பாலுள்ள சபாங் துறைமுகத்தின்மீது நடந்த வான் தாக்குதலில், ஜப்பானியரின் எண்ணெய்த் தாங்கிகளே முதன்மையான இலக்குகளுள் அடங்கின. திருகோணமலையில் எரிந்த எண்ணெய்க்குச் சபாங்கில் எரிந்த எண்ணெய் மறுமொழியாயிற்று.

1945 செப்டம்பர் 9ஆம் நாள், ஜப்பான் சரணடைந்த பின்னர், நேச நாட்டுப் படைகள் சிலாங்கூரின் மோரிப் கடற்கரையிலும் போர்ட் டிக்சன் வட்டாரத்திலும் தரையிறங்கின. கிள்ளானுக்குத் தெற்கே, இன்று குடும்பத்தோடு சென்று காற்று வாங்கும் அதே மோரிப் கடற்கரைதான் அது. அப்படைகளுக்குக் காவலாக வந்த கிழக்கிந்தியக் கடற்படையின் தலைமைத் தளம் இலங்கையில் இருந்தது. மோரிப்பில் வந்திறங்கிய வரலாற்றுக்குப் பின்னே சீனன்குடாவின் எண்ணெய் இருந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கைமாறிய குதங்கள்

1948இல் இலங்கை விடுதலை பெற்ற பின்னரும் திருகோணமலைத் தளம் பிரிட்டனிடமே இருந்தது. 1957இல், எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா பிரதமராக இருந்தபோது, அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. போர்க்கப்பல்கள் போய்விட்டமையால் இத்துணைப் பெரிய சேமிப்புக்குத் தேவையில்லாது போயிற்று. மேல் தொகுதியைக் காடு மெல்ல மெல்ல மூடிக்கொண்டது.

ஆயினும் அரசியல் அதனை மறக்கவில்லை. 1987 ஜூலை 29ஆம் நாள் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது பரிமாறிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலை எண்ணெய்க் குதங்களைச் சீரமைத்து இயக்கும் பணியை இந்தியாவும் இலங்கையும் கூட்டாக மேற்கொள்ளும் என்னும் செய்தியும் இடம்பெற்றது. 2003இல் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளை, கீழ்த் தொகுதியைக் குத்தகைக்கு எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியது. 2022 ஜனவரியில் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின்படி, எஞ்சியுள்ள 99 தாங்கிகளுள் 14 அக்கிளை நிறுவனத்திற்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், 61 இருவரும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனத்திற்கும் பிரிக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகளும் திருகோணமலையை எரிசக்தி மையமாக வளர்ப்பதற்கான புரிந்துணர்வில் கையெழுத்திட்டன.

ஆக, கைவிடப்பட்டுக் கிடந்த குதங்களுக்கு மீண்டும் பயன் வரப்போகிறது. இது மகிழத்தக்கதே. 2022இல் எரிபொருளுக்காக இலங்கை மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற துன்பத்தை அறிந்தோர் எவரும், எண்ணெய் சேமிக்கும் இடம் வெறும் காட்சிப்பொருளாக இருக்கட்டும் எனச் சொல்லத் துணியார். ஆனால், தாங்கிகள் பழுதுபார்க்கப்படும்போதும் புதியன அமைக்கப்படும்போதும் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளாவிடில், ஒரு நூற்றாண்டின் சான்று பழைய இரும்பு விலைக்குப் போய்விடும். சீனன்குடாவில் இன்று எழுந்துள்ள வினா இதுவே.

கோணேசர் கோயிற் கற்கள் சொல்லும் பாடம்

அந்நியர் ஆட்சியின் போர்ச் சின்னத்தைத் தமிழர் ஏன் போற்ற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை தேட வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. சீனன்குடாவிலிருந்து சிறிது தொலைவிலேயே அது கிடைக்கிறது.

1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்தனர். இடித்த கற்களைக் கொண்டு அங்கேயே கோட்டை எழுப்பினர். ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் அக்கோட்டையைக் கைப்பற்றினர். ஆங்கிலேயர் காலத்தில் அதற்குப் பிரடெரிக் கோட்டை என்னும் பெயர் அமைந்தது. அக்கோட்டையை வெறுத்து எவரேனும் தரைமட்டமாக்கியிருப்பின் என்ன ஆகியிருக்கும்? கோட்டை வாயிலில் காணப்படும் இணைக்கயல் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் அழிந்திருக்கும். கோயில் இடிக்கப்பட்டமைக்கு அக்கோட்டையே சான்று. கோயில் இருந்தமைக்கும் அதுவே சான்று.

கடலும் ஒரு பங்கைக் காத்து வைத்திருந்தது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலைக்குக் கீழே கடலில் மூழ்கி ஆராய்ந்தபோது, பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடலடியில் கிடந்த கல், தான் இன்னாருடையது என்று சொல்லிற்று. ஒரு சின்னத்தைக் காப்பது அதனைக் கட்டியவரைப் புகழ்வதற்கன்று. நடந்தது நடந்ததுதான் என்று பின்வருவோர் அறிவதற்கு. கோணேசர் பக்தர்களைவிட இதனை நன்குணர்ந்தோர் யார் உளர்?

இன்னொன்றும் உண்டு. திருக்கோயிலைக் காக்கும் முறையை அறிந்தவர்க்கு இக்குதங்களைக் காக்கும் முறையும் புதிதன்று. கோயில் பழுதுபட்டால் திருப்பணி நடைபெறுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கும் நிகழ்கிறது. சிதைந்த கல்லை மாற்றுவர், மண்டபத்தை விரிப்பர், மின்விளக்கும் அமைப்பர். மூலத்தானத்தை மட்டும் எளிதில் அசைக்க ஒருப்படார். பயன்பாடும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதனைக் கோயில்கள் நெடுங்காலமாக மெய்ப்பித்து வருகின்றன. சீனன்குடாவிலும் பெரும்பாலான தாங்கிகள் எண்ணெய் நிரம்பி உழைக்கட்டும். 91ஆம் தாங்கியின் சிதைவு மூலத்தானம்போல் தொடப்படாமல் நிற்கட்டும்.

பிற நாடுகள் காட்டும் வழி

இப்பணியில் பிற நாடுகள் வழிகாட்டிகளாக விளங்குகின்றன. 1942 பிப்ரவரி 19ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தாக்கிய நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களுள் மூன்று, இரு மாதங்கள் கழித்து இலங்கையையும் தாக்கின. தரைக்கு மேலிருந்த எண்ணெய்த் தாங்கிகள் சேதமுற்றதைக் கண்ட ஆஸ்திரேலியர், நிலத்தடியில் சுரங்கங்கள் தோண்டி எண்ணெய் சேமிக்க முற்பட்டனர். பணி முடிவதற்குள் போரே முடிந்துவிட்டது. போருக்குப் பயன்படாத அச்சுரங்கங்களை அவர்கள் மூடிவிடவில்லை. தாக்குதலின் ஐம்பதாம் ஆண்டாகிய 1992இல் அவற்றுள் சிலவற்றைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டனர். இன்று டார்வினுக்குச் செல்வோர் காணும் வரலாற்று இடங்களுள் அதுவும் ஒன்று.

தென்கொரியத் தலைநகர் சியோலில், 1973இல் நேர்ந்த எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1976க்கும் 1978க்கும் இடையே ஐந்து பெரும் எண்ணெய்த் தாங்கிகள் அமைக்கப்பட்டன. உலகக் கிண்ணக் காற்பந்தாட்ட அரங்கம் அருகே எழுந்ததால், பாதுகாப்புக் கருதி 2000இல் அக்கிடங்கு மூடப்பட்டது. 2017இல் அதுவே கலையரங்குகளும் கண்காட்சிக் கூடங்களும் கொண்ட பண்பாட்டுப் பூங்காவாக மலர்ந்தது. கழற்றிய பழைய இரும்புத் தகடுகளைக் கொண்டே ஆறாவது கட்டடம் ஒன்றையும் எழுப்பினர்.

எச்சரிக்கை தரும் எடுத்துக்காட்டும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் அமெரிக்கக் கடற்படை 1940க்கும் 1943க்கும் இடையே மலையைக் குடைந்து 20 பெருந்தாங்கிகள் அமைத்தது. 1995இல் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் அதனை வரலாற்றுச் சிறப்புமிக்க பொறியியற் சாதனையெனப் போற்றியது. ஆனால், 2021இல் அங்கே கசிந்த எரிபொருள் குடிநீரிற் கலந்து ஆயிரக்கணக்கானோரைத் துன்புறுத்திற்று. 2022இல் அதனை மூட உத்தரவாயிற்று. எண்ணெய்க் குதம் கற்கோட்டை போன்றதன்று. அதன் அடியில் படிந்த கசடும் மண்ணில் ஊறிய எண்ணெயும் நீக்கப்படாமல் அதனைச் சின்னமாக்க முனைவது, புண்ணை மூடிப் பட்டாடை போர்த்துவது போலாகும். முதலில் தூய்மை, பிறகே பெருமை.

கோலாலம்பூர் இழந்ததும் காத்ததும்

தொலைவிலுள்ள சீனன்குடாவைப் பற்றிப் பேசும்போது, கோலாலம்பூரின் அனுபவத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும். 1976இல் இயற்றப்பட்ட மலேசியத் தொல்பொருட் சட்டம், நூறாண்டு கடந்த கட்டடங்களையே பழஞ்சின்னமாகக் கருதியது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் அவ்வரம்பைத் தளர்த்தி, அண்மைக் காலத்துக் கட்டடங்களுக்கும் பாதுகாப்பளிக்க வழிசெய்தது. ஆயினும் 1929இல் அம்பாங் சாலையில் கட்டப்பட்ட போக் மாளிகை 2006 டிசம்பரில் இடிக்கப்பட்டது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கைதிகளை ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த புடு சிறைச்சாலை, 2010 தொடங்கிப் படிப்படியாக இடிக்கப்பட்டு, இன்று அதன் வாயில் மட்டுமே நினைவாக நிற்கிறது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அதனைக் கேட்டுப் பெறும் மக்களும் வேண்டும் என்பதற்கு இவை சான்றுகள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில் வண்டிகளின் ஓசையோடு வளர்ந்த ஊர். பல தலைமுறைத் தமிழர் உழைத்த அதன் ரயில்வே வளாகத்தின்மீதுதான் 2001இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் நிலையமும் அதனைச் சூழ்ந்த வானளாவிய கட்டடங்களும் எழுந்துள்ளன. வளர்ச்சி வேண்டியதே. ஆனால், அங்கே உழைத்தோர் யாவர், எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைச் சொல்லும் சுவடுகள் மிகச் சிலவே எஞ்சின.

அதே பிரிக்பீல்ட்ஸ் ஒரு நற்செய்தியையும் தருகிறது. 1904இல் கட்டப்பட்ட விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் 2014இல் வெளிவந்தபோது, பொதுமக்கள் ஒன்றுதிரண்டு குரல் கொடுத்தனர். 2016இல் அந்த ஆசிரமம் மரபுடைமைச் சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. மக்கள் கேட்டனர், கிடைத்தது.

சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தின் வரலாறும் ஓர் அரிய செய்தியைச் சொல்கிறது. செம்பவாங்கில் இருந்த அத்தளத்தில் இந்தியத் தொழிலாளர் பலர் பணிபுரிந்தனர். அவ்வட்டாரத்துக் கன்பரா சாலையில் மரத்தடியில் எழுந்த பாலசுப்பிரமணியர் கோயில், பின்னர் யீஷூனுக்கு இடம்பெயர்ந்து இன்றும் பொலிவுடன் விளங்குகிறது. தளம் போயிற்று; கப்பல்கள் போயின; தொழிலாளர் கைகூப்பி நின்ற தெய்வம் நிலைத்தது. பெரும் வரலாற்று நூல்கள் தளபதிகளின் பெயர்களை எழுதி வைக்கின்றன. உழைத்த மக்களின் நினைவைப் பல நேரங்களில் திருக்கோயில்களே காத்து வருகின்றன.

செய்யத்தக்கவை

சீனன்குடாவைப் பொறுத்தவரை செய்ய வேண்டியவை அரியனவோ பெருஞ்செலவு பிடிப்பனவோ அல்ல.

முதலாவது, 91ஆம் தாங்கியின் சிதைவும் அதனைச் சூழ்ந்த நிலமும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்படல் வேண்டும். இலங்கையின் தொல்பொருட் சட்டம் 1815க்கு முற்பட்ட சின்னங்களுக்கே இயல்பான காப்பளிக்கிறது. 20ஆம் நூற்றாண்டுச் சின்னத்திற்குத் தனி முயற்சி தேவை.

இரண்டாவது, பழுதுபார்க்கும் பணி தொடங்குமுன் மேல் தொகுதியில் ஒரு தாங்கியையேனும், அதன் குழாய்களோடும் வால்வுகளோடும் மாற்றம் செய்யாமல் விட்டுவைத்தல் வேண்டும். 99இல் ஒன்றை விட்டுவைப்பதால் எந்த நிறுவனமும் நலிந்துவிடாது. எதிர்காலத்து மாணவன் பழைய பொறியியலைக் கண்ணால் கண்டு கற்க அந்த ஒன்றே போதும்.

மூன்றாவது, ஒவ்வொரு தாங்கியையும் பழுதுபார்க்குமுன் படமெடுத்து, அளந்து, வரைபடமாக்கி வைத்தல் வேண்டும். குதங்களில் பணிபுரிந்த முதியோரின் வாய்மொழிச் செய்திகளும் பதிவாக வேண்டும். இரும்பு துருப்பிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும்; மனித நினைவோ ஒருவரோடு ஒரே நாளில் மறைந்துவிடும்.

நான்காவது, கோணேசர் கோயில், பிரடெரிக் கோட்டை, நிலாவெளிச் சாலையிலுள்ள போர்க் கல்லறை, 91ஆம் தாங்கி ஆகிய நான்கையும் இணைத்து ஒரே நாளிற் காணும் வழி அமைத்தல் நலம். பதிகம் பெற்ற தலத்தில் தொடங்கி, பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கண்டு திரும்பும் அப்பயணம், வழிபாடாகவும் கல்வியாகவும் அமையும்.

மலேசியத் தமிழர்க்கும் இதில் பங்குண்டு. திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் உறவினர் இருந்த குடும்பங்களின் பழைய பெட்டிகளில், போர்க்காலக் கடிதங்களும் புகைப்படங்களும் பணிச் சான்றிதழ்களும் இன்னும் கிடக்கக்கூடும். பழந்தாள் என்று அவற்றை எரித்துவிடாமல், தேதியும் பெயரும் எழுதிக் கோயில் நூலகங்களிலோ சங்கங்களின் ஆவணக் காப்பகங்களிலோ சேர்ப்பிப்பது ஒரு திருப்பணியே. ஈழத்துக்குத் தலயாத்திரை செல்வோர் கோணேசரை வழிபட்டபின் சீனன்குடாவின் வரலாற்றையும் தம் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் நன்று.

நெய் எரிந்து தீர்ந்தாலும் விளக்கை எறிந்துவிடுவதில்லை தமிழர் இல்லம். துடைத்து மாடத்தில் வைப்பதே மரபு. எண்ணெய் தீர்ந்துபோன அந்தப் பெருந்தாங்கிகளுக்கும் அம்மரபு பொருந்தும். இடிக்கப்பட்ட தன் கோயிலின் கற்களைக் கோட்டைச் சுவரிலும் கடலடியிலும் காத்து, காலம் வந்தபோது வெளிப்படுத்திய கோணேசப் பெருமான், இக்காலச் சான்றுகளையும் காத்தருள்வாராக.